கிடாநூலுக்குப் பெயர் வந்த விதம்

கிருபைக்குளத்து அசனச் சாப்பாட்டுக்கென்று பொருத்தனையாக நேர்ந்துவிட்டிருந்த கிடா, பண்டிகையன்று காலையில் ஆலயத்துக்குப் போகிற வழியில், வாய்க்கால் பாலத்துக்கு இந்தப் பக்கம் தரையை விட்டு எழும்பி மேற்கே போய்விட்டது. அன்று நல்ல வெயில். வாடைக்காற்று லேசாக இருந்தது. சந்தையில் கத்தரிக்காய் மலிவு. கிடா போனதை ஊரில் பாதிப் பேர் கண்ணால் பார்த்தார்கள். மீதிப் பாதிப் பேர் ஆலயத்துக்குப் பின்னால் அண்டாவுக்கடியில் விறகு தள்ளிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. அந்த வயிற்றெரிச்சல் அவர்களுக்கு இன்றுவரை தீரவில்லை.

தாமிரபரணிக் கரையில் இப்போது அந்த நூலுக்குக் கிடாநூல் என்று பெயர். மழைக்காலம் ஓய்ந்து வெயில் தலைகாட்டுகிற நாட்களில் வயலுக்கு மேலே, பனைக்கு மேலே, வெள்ளை வெள்ளையாக மிதந்து வருமே, பைக்கில் போகிறவன் மூக்கில் ஒட்டிக்கொண்டு துடைக்கத் துடைக்கப் போகாதே, அதேதான். சிலந்திக் குஞ்சுகள் செய்கிற வேலை அது. உயரமான இடமாகப் பார்த்து ஏறி, பின்பக்கத்தைத் தூக்கி ஒரு இழையை விட்டால் போதும், காற்று வந்து இழையோடு குஞ்சையும் தூக்கிக்கொண்டு போய்விடும். டிக்கெட் இல்லாத பிரயாணம். பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் வெளியூர்க்காரர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். கிடா வெட்டுகிற பருவத்தில் வருவதால் அந்தப் பெயர் என்று ஒரு பேராசிரியர் பாளையங்கோட்டையில் கட்டுரையே வாசித்திருக்கிறார். கிடாவின் தாடிமயிர் மாதிரி இருப்பதால் என்று சொல்கிறவர்களும் உண்டு. இதெல்லாம் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து யோசிப்பவர்கள் சொல்வது. அந்தப் பெயர் ஒரு பண்டிகைச் சாயங்காலம் ஏலத்தில் பிறந்தது. அது பிறப்பதற்குக் காரணம் பாக்கியசீலனுடைய வாய்.

பாக்கியசீலனுக்கு வாடகைப் பாத்திரக்கடை. கிருபைக்குளத்திலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் எந்தக் கல்யாணம் நடந்தாலும் சோறு அவர் அண்டாவில்தான் வெந்தது. ஆனால் கடையின் பின்பக்கம் ஒரு பேரண்டா கவிழ்ந்தே கிடந்தது. ஊரிலேயே பெரியது. அதை அவர் யாருக்கும் வாடகைக்கு விட்டதில்லை. ஒரே மகள் ரீபாவின் கல்யாணச் சோற்றுக்கு என்று வாங்கிவைத்தது அது. அவள் பத்தாம் வகுப்பு படிக்கும்போது வாங்கினார். ரீபா அதற்கப்புறம் காலேஜ் முடித்து, பரீட்சை எழுதி, திருநெல்வேலி டவுணில் ஒரு பேங்கில் வேலைக்கும் போய், முப்பதைத் தாண்டிவிட்டாள். அண்டாவுக்கடியில் பக்கத்து வீட்டுக் கோழி முட்டையிட்டுக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளைகள் வராமல் இல்லை. வந்தார்கள், மிக்சர் தின்றார்கள், போனார்கள். ஒருவன் உட்காரும் முன் நாற்காலியில் கைக்குட்டை விரித்தான் என்று ரீபா வேண்டாம் என்றாள். ஒருவன் சிரிப்புக் கதை சொல்லுமுன்பே தான் சிரித்துவிடுகிறான் என்று வேண்டாம் என்றாள். இன்னொருவனிடம் ஒரு குறையும் இல்லை. அதுதான் குறை என்றாள். கடைசியாக வந்தவர்கள் கார் ஏறிப் போன பிறகு, பாக்கியசீலன் மிச்ச மிக்சரைத் தானே தின்றுகொண்டு பின்கட்டில் போய் நின்றார். அன்று காலையில்தான் அவர் வீட்டு ஆடு குட்டி போட்டிருந்தது. கறுப்பு உடம்பும் முகத்தில் வெள்ளைக் கோடுமாக ஒரு கிடாக்குட்டி. கத்திக்கொண்டே இருந்தது. அவர் வானத்தைப் பார்த்தார். ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் அண்டா கொடுத்தவன் வீட்டில் ஒரு அடுப்பு மூட்ட வழியில்லையே என்று இருந்தது.

“ஆண்டவரே, எவனாவது ஒருத்தனுக்கு இவ சரின்னு சொல்லட்டும். அந்தா கத்துதுல்லா, அந்தக் குட்டிய அசனத்துக்குக் குடுத்துருதேன்” என்றார்.

அந்த வாரமே ரீபா வந்து, “அப்பா, கெவின்னு ஒருத்தர் இருக்காரு. உவரி. எங்க பேங்க்லதான் வேல பாக்காரு” என்றாள். பாக்கியசீலன் உட்கார்ந்துவிட்டார். எவ்வளவு நாளாக இருக்கிறார் என்று கேட்டார். ரெண்டு வருடமாக இருக்கிறாராம். அப்படியானால் இதில் ஆண்டவர் செய்த வேலை என்ன, பொருத்தனையைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்று மனைவி சாலோமியிடம் பைய விசாரித்தார். சாலோமி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

“நீங்க கேட்டீங்க, அவரு குடுத்தாரு. இப்ப ரசீது கேக்கீங்களோ?”

அதோடு சாலோமி இன்னொன்றும் சொன்னாள். பொருத்தனையைச் செலுத்திய பிறகுதான் கல்யாண ஓலை. இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்கப்போகிறது, தடை உள்ளவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு ஆலயத்தில் வாசிப்பார்களே, அதுதான் ஓலை. கடனை வைத்துக்கொண்டு ஓலை வாசித்தால், மூன்றாவது ஞாயிறு ஆண்டவரே எழும்பி ‘எனக்குத் தடை இருக்கு’ என்று சொல்லிவிடுவார் என்பது அவள் பயம். இந்தப் பயத்தை யாரும் பேசித் தீர்க்க முடியவில்லை. உவரியிலிருந்து கெவினின் அப்பா வளன் வந்து, அவர்கள் கத்தோலிக்கர், இவர்கள் சி.எஸ்.ஐ. என்ற பெரிய சிக்கலையே இரண்டு டம்ளர் காப்பியில் தீர்த்துவிட்டுப் போனார். கிடா விஷயத்தில் மட்டும் சாலோமி அசையவில்லை. சரி, கிடா வளரட்டும், அசனம் முடிந்த கையோடு முதல் ஓலை என்று முடிவாயிற்று.

கிருபைக்குளத்து அசனத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மார்கழி முடிகிற சமயத்தில் ஸ்தோத்திரப் பண்டிகை வரும். ஊர்க்காரர்கள் அரிசி, காய், கோழி, கிடா என்று காணிக்கை கொண்டுவருவார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகச் சமைத்து, வந்தவர் போனவர் எல்லாருக்கும் இலை போடுவார்கள். அதுதான் அசனம். அண்டா அடுப்பை விட்டு இறங்குமுன் ஆலயத்துக் கேட்டைத் தாண்டி வந்த காணிக்கை சமையலுக்கு. இறங்கிய பிறகு வந்தது அன்றைக்கே ஏலத்துக்கு. கொடுத்தவன் வீட்டார் ஏலம் கேட்கக்கூடாது. யாருமே கேட்காவிட்டால் பொருள் கொடுத்தவன் வீட்டுக்கே திரும்பிப் போகும், செலுத்தியதாகக் கணக்கில்லை. பொருத்தனைக் கிடா என்றால் இன்னும் கறார். அதைக் கயிற்றில் கட்டி இழுத்து வரக்கூடாது, விரட்டக்கூடாது. ஐயர், அதாவது சபையின் குருவானவர், வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணிய பிறகு வீட்டாரும் சபையாரும் அதைத் தொடவும் கூடாது. தானாக மனசு வந்து நடந்து வர வேண்டும். இதனால் பொருத்தனைக் கிடாக்கள் வழியில் கொடியில் காய்கிற சேலையைத் தின்றுவிட்டு மத்தியானம் வந்து சேர்வது வழக்கம். அன்றைய சேலைக்காரிகள் வாய் திறக்கமாட்டார்கள்.

பாக்கியசீலனின் கிடா நன்றாகத் தின்று கொழுத்திருந்தது. நடப்பதைவிட நிற்பதில் அதற்குப் பிரியம் அதிகம். அன்று காலை வாய்க்கால் பாலத்தருகில் வந்ததும் நின்றது. நின்றதென்றால் நின்றதுதான். சுற்றிலும் தண்ணீர் தளும்பும் வயல். அந்த வட்டாரத்திலேயே உயரமான இடம் கிடாவின் கொம்பாக இருந்தது. மழை விட்டு வெயில் கண்ட சிலந்திக் குஞ்சுகள் வரப்பெல்லாம் ஏற இடம் தேடிக்கொண்டிருந்தன. ஒன்று ஏறிற்று. பிறகு அது தன் சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லிவிட்டது போலிருக்கிறது. கொம்பு வெளுத்தது, காது வெளுத்தது, முதுகெல்லாம் வெளுத்தது. ஒவ்வொன்றும் பின்பக்கத்தைத் தூக்கி ஒரு இழையை விட, கிடாவுக்கு மேலே கல்யாணப் பந்தல் மாதிரி ஒன்று விரிந்து நின்றது.

பாக்கியசீலன் தட்டிவிடக் கையை ஓங்கினார்.

“தொடாதீங்க! ஐயர் ஜெபம் பண்ணியாச்சு!” என்று சாலோமி அலறினாள்.

கையை இழுத்துக்கொண்டார். அப்போது கிடாவின் முன்கால் எழும்பியது. பின்கால் எழும்பியது. அது கத்தவில்லை, மிரளவில்லை, வாயில் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தவுமில்லை. எட்டிப் பிடிக்கிற உயரத்தில்தான் கொஞ்ச நேரம் நின்றது. ஊரே கூடி நின்று, எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அது போவதைப் பார்த்தார்கள்.

“சீலா, ஒன் கெடா எழும்புதுவே” என்றார் எஸ்றா வாத்தியார். ரிட்டயர் ஆன வாத்தியார் அவர். ஊர் ஏலங்களுக்கு அவர் தொண்டைதான்.

“தெரியுது வாத்தியாரே.”

“புடியும் வே!”

“நீரு புடியும்.”

இருவரும் பிடிக்கவில்லை. பாலத்துக்கு மேலே போய், பனங்காட்டுக்கு மேலே போய், கிடா மேற்கே நகர்ந்தது. பத்து மணிக்குப் பாளையங்கோட்டையில் பார்த்தார்கள். டவுணில் அல்வாக் கடை வரிசையில் நின்றவர்கள் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, வரிசை போய்விடுமே என்று உடனே குனிந்துகொண்டார்கள். வாட்ஸப்பில் ‘இது யார் வீட்டு ஆடு, கறிவேப்பிலையைத் தின்கிறது’ என்று பத்தமடைவரை போட்டோ வந்தது. கறி வெட்டுவதற்காகச் சொல்லிவைத்திருந்த ரசீத் பாய் ஆலயத்துக்குப் பின்னால் காத்திருந்து பார்த்துவிட்டு, கத்தியைத் துடைத்துப் பையில் போட்டார். “அண்ணாச்சி, எறங்குனா ஒரு போன் போடுங்க” என்று சொல்லிக் கிளம்பினார். கறிச்சோறு என்று நம்பி முந்தின நாளிலிருந்தே வயிற்றைக் காயப்போட்டு வந்த வெளியூர்ச் சொந்தங்களுக்கு அன்று கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றினார்கள். அவர்கள் பார்த்த பார்வையைப் பாக்கியசீலன் சாகிறவரைக்கும் மறக்க மாட்டார்.

சாயங்காலம் அவர் ஐயரிடம் போனார். சுற்றுப்பட்டுச் சபைகளெல்லாம் சேர்ந்த சேகரத்துக்கு அப்போதுதான் புதிதாக வந்திருந்த குருவானவர், நியாயமான மனுஷன்.

“மேலதான போயிருக்கு ஐயரே. மேலதான அவரும் இருக்காரு. நேரா போய்ச் சேந்திருக்கும்லா?”

ஐயர் மேலேயும் மேற்கேயும் ஒருமுறை பார்த்தார். “மேல போகலையே பாக்கியசீலன், மேக்கல்லா போயிருக்கு” என்றார். அதோடு அது கேட்டைத் தாண்டவுமில்லை. ஆகவே பொருத்தனை செலுத்தியதாகாது. வேறு கிடா கொடுக்கலாமென்றால், பாக்கியசீலன் விரலை நீட்டி ‘அந்தக் குட்டி’ என்றல்லவா சொல்லியிருந்தார்? சாலோமி ஓலையை நிறுத்திவிட்டாள்.

அடுத்த மார்கழியில் கிடா கிழக்கேயிருந்து வந்தது. மேற்கே போனது கிழக்கே வந்ததால் பூமி உருண்டை என்று தான் நாற்பது வருடம் சொல்லிக்கொடுத்தது சரியாகிவிட்டது என்று எஸ்றா வாத்தியார் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார். நூலும் முன்பைவிட அடர்த்தியாக இருந்தது. கிடா வயலுக்கு மேலே சுற்றிற்று, மொட்டைமாடிகளில் கட்டியிருந்த கிறிஸ்துமஸ் ஸ்டார்களைக் காகிதம் காகிதமாகத் தின்றது, முருங்கைமரங்களை உச்சியிலிருந்து மேய்ந்தது. சீலன்தான் ஏதோ தந்திரம் பண்ணிக் கிடாவைக் காப்பாற்றுகிறான் என்று வாத்தியார் ஒரு பேச்சு சொன்னார். அன்றிலிருந்து அவர் வீட்டு மாடியில் மட்டும் ஆட்டுப்புழுக்கை மழையாகக் கொட்டியது. பக்கத்து மாடியில் வற்றல் காய்ந்தது. அதில் ஒன்றுகூட விழவில்லை. வாத்தியார் மூன்று நாள் திட்டினார், நாலாம் நாள் கூட்டி அள்ளித் தன் கத்தரிச் செடிக்குப் போட்டார். அந்த வருடம் அசனத்துக்குக் கத்தரிக்காய் அவர் வீட்டிலிருந்துதான் போனது. எல்லாம் தேங்காய் தேங்காயாக இருந்தது.

சம்பந்தியாகக் காத்திருந்த வளன் இதைக் கேள்விப்பட்டு உவரியிலிருந்து வலையோடு வந்து இறங்கினார். அவர் சபைக்காரரும் இல்லை, இன்னும் வீட்டு ஆளும் இல்லை; அவர் தொடலாம். சுறாவையே இழுத்த கை, ஆட்டுக்குட்டி எம்மாத்திரம் என்றார். பாக்கியசீலன் வீட்டு மாடியில் நின்று வலையை வீசினார். அழகான வீச்சு. வலை விரிந்து கிடாமேல் உட்கார்ந்தது. பிறகு கிடா, வலை, கயிற்றைப் பிடித்திருந்த வளன் எல்லாரும் சேர்ந்து எழும்பினார்கள். தென்னை உயரம் வந்ததும் வளன் சாமர்த்தியமாக ஒரு தென்னையின் தலையைக் கட்டிக்கொண்டு, இரண்டு இளநீரோடு இறங்கி வந்தார்.

“சம்பந்தி, மீனுன்னா இழுக்கும். இது தூக்குது” என்று சொல்லி இளநீரைக் குடித்தார். வலை கிடாவோடு போய்விட்டது.

இன்னொரு வருடமும் போயிற்று. கெவின் ஞாயிற்றுக்கிழமை தோறும் பஸ் பிடித்து வருவான், சாப்பிடுவான், கைகழுவும்போது வானத்தை ஒருமுறை பார்ப்பான், போவான். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் பாக்கியசீலனை அறுத்தது. நீளமான கம்பில் அகத்திக்கீரைக் கட்டைக் கட்டி அவர் கிடாவைக் கெஞ்சிப் பார்த்தார். அது கீரையைத் தின்றது, அவரைப் பார்த்தது, கேட்டுப்பக்கம் போகவில்லை. “அப்பா, ரெஜிஸ்டர் ஆபீஸ்னு ஒண்ணு இருக்கு” என்றாள் ரீபா ஒரு நாள். சாலோமி கழுவிவைத்த பாத்திரத்தையெல்லாம் எடுத்து மறுபடி கழுவினாள். ரீபா அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். அன்றைக்குப் பாக்கியசீலன் கடைக்குப் போய், பேரண்டாவை நிமிர்த்தி, கோழியை விரட்டி, அதற்குள் தலையை விட்டுக்கொண்டு அழுதார். யாருக்கும் கேட்கக்கூடாது என்று அப்படிச் செய்தார். அண்டா அந்த அழுகையை வாங்கிப் பெரிதாக்கி வாய்க்கால் பாலம்வரை அனுப்பியது. துவைத்துக்கொண்டிருந்தவர்கள் ரயில் வருகிறது என்று நினைத்தார்கள்.

மறுவருடப் பண்டிகையன்று கிடா காலையில் வரவில்லை. மத்தியானமும் வரவில்லை. அண்டா இறங்கியது, இலை போட்டார்கள், எஸ்றா வாத்தியார் ஒருபக்கம் தாமதமாக வந்த பூசணிக்காயை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் அது கிழக்கேயிருந்து வந்தது, வலையும் நூலும் புரள, வெயிலில் மினுமினுவென்று. பக்கத்தில் மதில் சுவர் நீளமாகக் கிடக்கிறது. அதற்கு மேலே வரவில்லை. நேராகக் கேட்டுக்கு மேலே வந்து, வேப்பமரத்துக்கு மேலே நின்றது. அண்டா இறங்கிவிட்டதா என்று மறைந்திருந்து பார்த்துவிட்டுத்தான் வந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆடு அவ்வளவு யோசிக்குமா என்றால், யோசிக்காத ஆடா நாலு வருடம் கறியாகாமல் இருக்கும்?

சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த பாக்கியசீலன் வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்.

“ஐயரே! கேட்டத் தாண்டிருச்சா இல்லையா?”

ஐயர் கேட்டைப் பார்த்தார். கிடாவைப் பார்த்தார். “தாண்டிருச்சு.”

“அண்டா எறங்கிருச்சா?”

“எறங்கிருச்சு.”

“அப்ப ஏலம் விடச் சொல்லும்!”

தரையில் கால் படாதது வந்ததாகுமா என்று ஒருவர் இலையிலிருந்தே கேட்டார். பட்டாவில் நீளம் அகலம்தான் போட்டிருக்கிறது, உயரம் ஒன்றும் போடவில்லை, ஆகையால் மேலே இருப்பதும் ஆலயத்து இடம்தான் என்று ஐயர் தீர்ப்புச் சொன்னார். இவ்வளவு நல்ல தீர்ப்பை அவர் அதற்கு முன்னும் பின்னும் சொன்னதில்லை.

எஸ்றா வாத்தியாருக்கு வேறு கஷ்டம். ஏலப்பொருளின் பெயரை மூன்று தரம் கூவிய பிறகுதான் விலை கேட்பது ஆரம்பிக்க வேண்டும். கிடா என்று கூவினால், எடுத்தவன் கிடாவைக் கையில் கொடு என்பான். நூல் வேறு, கிடா வேறு என்று பிரிக்க யாராலும் முடியாது. நூலை எடுத்தால் கிடா அங்கே நிற்காது. சரி, நூலின் பெயரையே சொல்லலாமென்றால் இத்தனை காலம் ஊர்மேல் மிதந்த அந்தச் சனியனுக்கு ஒருவரும் பெயர் வைக்கவில்லை. “ஒட்டடைன்னு சொல்லும்வே” என்று ஒரு குரல் வந்தது. “எங்க பொருத்தனைய ஒட்டடைன்னு சொல்லுவீரோ?” என்று சாலோமி எழும்பிவிட்டாள். வலை என்று சொல்லலாமென்றார் ஒருவர். வலை தன்னுடையது, அது ஏலத்தில் சேராது என்றார் வளன். வாத்தியார் தண்ணீர் குடித்தார். தொண்டையைச் செருமினார்.

“கிடாநூல்! கிடாநூல்! கிடாநூல்! ஒரு உருப்படி!”

மூன்றாம் தரம் கூவியதும் மேலேயிருந்து ‘மே’ என்று பதில் வந்தது. தரையை விட்டு எழும்பிய பிறகு அது முதல்முறையாகக் கத்தியது அப்போதுதான். பெயர் நிலைத்துவிட்டது.

பெயர் நிலைத்தது, கேட்கத்தான் ஆளில்லை. வாத்தியார் ஒரு தரம் என்றார். கடைசிப் பந்தியில் உட்கார்ந்திருந்த ரசீத் பாயைப் பாக்கியசீலன் கெஞ்சிப் பார்த்தார். “வெட்ட முடியாத கெடா எனக்கு எதுக்கு அண்ணாச்சி?” என்றார் அவர், வருத்தமாகத்தான் சொன்னார். யாரும் கேட்காவிட்டால் கிடா திரும்பவும் பாக்கியசீலன் கணக்குக்கு வந்துவிடும். திரும்பவும் ஒரு மார்கழி. வாத்தியார் இரண்டு தரம் என்றார்.

“நான் கேக்கேன்” என்றான் கெவின். சோற்றுக் கையைத் தூக்கியிருந்தான்.

வாத்தியாருக்கு மனசுக்குள் சந்தோஷம், ஆனால் சட்டம் சட்டமல்லவா? “கொடுத்தவன் வீட்டு மாப்பிள்ளையாச்சே ஐயரே, அவரு கேக்கலாமா?” என்றார். ரீபா இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சோற்றில் குழி பறித்துக்கொண்டிருந்த விரல் நின்றுவிட்டது. ஐயர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“யாரு மாப்பிள்ளை?” என்றார். “இன்னும் ஓலையே வாசிக்கலையே.”

நாலு வருடமாக ஓலையை நிறுத்திவைத்திருந்த சாலோமியை ஊரே திரும்பிப் பார்த்தது. சாலோமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எல்லாம் தெரிந்துதான் செய்தேன் என்பதுபோல நிமிர்ந்து நின்றாள்.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் கடற்கரையில் மீன் ஏலத்திலேயே வளர்ந்தவர் வளன். பக்கத்தில் ஒருவன் விலை கேட்டால் அவர் வாய் தன்னால் அதற்கு மேலே கேட்டுவிடும். கேட்டுவிட்டார். கெவின் திகைத்து இன்னும் ஏற்றினான். அப்பனும் ஏற்றினார். அந்தச் சூட்டில் பாக்கியசீலனும் தன் கிடாவைத் தானே கேட்பதற்கு வாயைத் திறந்தார். சாலோமி தயாராக வைத்திருந்த வாழைப்பழத்தை அதில் திணித்தாள். “மாமா, நிறுத்துங்க! கெடா எங்களுக்கு!” என்று ரீபா எழும்பி நின்று சத்தம் போட்ட பிறகுதான் வளனுக்குத் தான் யாரோடு மல்லுக்கட்டுகிறோம் என்று தெரிந்தது. எவ்வளவுக்குப் போனது என்று கேட்காதீர்கள், அது ஆலயத்துக் கணக்கு. ஏலம் எடுத்தவன் பொருளைத் தானே தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று வாத்தியார் நினைவுபடுத்தினார். கெவின் அண்ணாந்து பார்த்துவிட்டுப் பாக்கியசீலன் பக்கம் திரும்பினான்.

“அங்கனயே நிக்கட்டும் மாமா. அதுக்கு அங்கன சௌரியமாத்தான் இருக்கு.”

வாயில் வாழைப்பழத்தோடு பாக்கியசீலன் சிரித்தார், அழுதார், இரண்டும் ஒன்றாக வந்தது. அடுத்த ஞாயிறு முதல் ஓலை வாசித்தார்கள். யாரும் தடை சொல்லவில்லை. மூன்றாவது ஞாயிறு மட்டும் சாலோமி கண்ணை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தாள். அன்றும் ஒரு சத்தமும் இல்லை. கல்யாணத்தன்று பேரண்டா ஒருவழியாக அடுப்பேறியது. கிடா மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆட்டுக்கறி ஆக்க யாருக்கும் கை வரவில்லை. வளன் ஒரு வேன் மீன் கொண்டுவந்தார். ரீபா ஆலயத்தை விட்டு வெளியே வந்தபோது காற்று இல்லாமலே ஒரு பொதி நூல் இறங்கி அவள் முக்காட்டின்மேல் படிந்தது. போட்டோகிராபர் அதை எடுக்கச் சொன்னார். துடைக்கத் துடைக்கப் போகவில்லை, அப்படியே படம் எடுத்தார்கள். கிருபைக்குளத்து அசனத்தில் அன்றிலிருந்து கத்தரிக்காய்தான். முனகுகிறவர்கள் இன்னும் முனகுகிறார்கள். இலையில் ஒன்றும் மிச்சம் வைப்பதில்லை.

போன மார்கழியில் ரீபாவைப் பிரசவத்துக்குப் பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நேரம் ஆகிக்கொண்டே போனது. நர்ஸுகள் உள்ளே போனார்கள், வெளியே வந்தார்கள். கெவின் சுவரைப் பார்த்து நின்றான். பாக்கியசீலன் தன்னையறியாமல் கண்ணை மேலே உயர்த்தி, “ஆண்டவரே...” என்று ஆரம்பித்தார்.

சாலோமியின் கை வந்து அவர் வாயைப் பொத்தியது.

“கேக்கதுன்னா சும்மா கேளுங்க. குடுக்கேன் கிடுக்கேன்னு ஒண்ணும் சொல்லிராதீங்க.”

அவர் தலையை ஆட்டினார். கையை எடுத்ததும், வாழ்க்கையில் முதல்முறையாக, ஒன்றும் தருவதாகச் சொல்லாமல் கேட்டார். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. பெண். வெளியே மூன்றாம் மாடி ஜன்னலோரம் கிடா நின்று, யாரோ தொட்டியில் வளர்த்திருந்த மணிபிளான்டைத் தின்றுகொண்டிருந்தது. காற்றில் ஒரு இழை உள்ளே வந்து பிள்ளையின் மூக்கில் உட்கார்ந்தது. பிள்ளை தும்மியது. பாக்கியசீலன் பதறி விரலால் எடுக்கப் போனார். சாத்தான்குளத்திலிருந்து வந்து புதிதாக வேலையில் சேர்ந்திருந்த நர்ஸ், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்:

“விடுங்க தாத்தா, கிடாநூல்தான. தொடச்சா போகாது, தன்னால போயிரும்.”